மடிக்கணினிக்கு எதற்கு இத்தனை அவசரம்?

கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் மாடி அறையில் உட்கார்ந்து பழைய நினைவுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, டேங்க் ரொம்பிடுச்சான்னு பாருங்க. மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குது!"

மோட்டார் அப்போதே நிறுத்தியாகிவிட்டது. சத்தம் போட்டது என் லேப்டாப். மகன் புதிதாக ஒன்று வாங்கியபோது, தான் விளையாடிக்கொண்டிருந்த பழையதை "உங்களுக்கு எழுத இது தாராளம்பா" என்று கொடுத்துவிட்டுப் போனான். தாராளம்தான். நான் செய்வது தமிழில் நாலு பத்தி எழுதுவது, செய்தி படிப்பது, சஷ்டியப்தபூர்த்திப் படங்களைப் பார்ப்பது. இந்த வேலைக்கு அது கார்த்திகை தீபத்துக்குப் போன பஸ் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

சத்தத்தோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டி மேலேயே லேப்டாப்பை வைத்துக்கொள்வது என் பழக்கம். சர்க்கரைக்காக மாதாந்திர பரிசோதனைக்குப் போனபோது, தொடையில் வலை போட்ட மாதிரி சிவப்பும் பழுப்புமாக இருந்த தடத்தை டாக்டர் பார்த்தார். "ஹீட்டிங் பேட் வச்சுக்கிறீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "லேப்டாப்?" என்றார். தலையாட்டினேன். குளிர்நாடுகளில் கணப்பு அருகே உட்கார்ந்தே இருப்பவர்களுக்கும், காஷ்மீரில் நெருப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்பவர்களுக்கும் வருகிற தோல் மாற்றமாம் இது. காஞ்சிபுரத்தில் மே மாதத்தில் அதை வரவழைத்துக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போயிருந்தால் சூடு சரியாகத் தெரியாது, கொப்புளமே வந்தாலும் தாமதமாகத்தான் தெரியும் என்று அவர் எச்சரித்தார். என் வயதுக்காரர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். லேப்டாப் என்ற பெயரை நம்பி மடியில் வைக்காதீர்கள். மரப்பலகையோ மேசையோ போதும்.

மேசைக்கு மாற்றினேன். தொடை தப்பித்தது. சூடும் சத்தமும் அப்படியே இருந்தன. முப்பத்து மூன்று வருஷம் மின்வாரியத்தில் டிரான்ஸ்பார்மர்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு, ஒரு சாதனம் காரணமில்லாமல் சூடாகிறது என்றால் தூக்கம் வராது. காரணத்தைத் தேடினேன்.

ப்ராசஸருக்குக் கிளாக் ஸ்பீடு என்று ஒன்று உண்டு. மணி காட்டும் கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நொடிக்கு எத்தனை முறை அது துடிக்கிறது என்ற கணக்கு. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடித் துடிப்பு. என்னிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ7-9750எச் என்ற 2019ஆம் வருஷத்து ப்ராசஸர். அதன் அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், அதாவது 260 கோடி. ஆனால் டர்போ பூஸ்ட் என்ற ஏற்பாட்டின்படி 4.5 வரை, 450 கோடி வரை, தானே எகிறிக்கொள்ளும். இன்டெல் இந்த ஏற்பாட்டை 2008இல் கொண்டுவந்தது. பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவது எப்போதும் அந்தப் பெரிய எண்ணைத்தான்.

ஏன் சூடாகிறது என்பது எங்கள் துறைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். சில்லு ஓடும்போது அது சாப்பிடும் மின்திறன், வேகத்தைப் பொறுத்தும், வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தும் கூடும். வேகம் கூட வேண்டுமென்றால் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். ஆகவே கடைசிக் கொஞ்சம் வேகத்துக்காகக் கொடுக்கும் மின்சாரம் மிக அதிகம். திருப்பிப் போட்டுப் பாருங்கள். வேகத்தை 20 சதவீதம் குறைத்து, அதனால் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால், 0.8ஐ 0.9ஆலும் மறுபடி 0.9ஆலும் பெருக்க வேண்டும். 0.648 வருகிறது. அஞ்சில் ஒரு பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்திறனும் அதே அளவு சூடும் குறைகிறது. இவ்வளவு லாபமான பேரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில்கூடக் கிடைக்காது.

இன்னொரு கணக்கும் எங்களுக்குப் பாடம். டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன், எட்டுப் பத்து டிகிரி சூடு தொடர்ந்து கூடினால் ஆயுளில் பாதியை இழந்துவிடும் என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். லேப்டாப்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். பேட்டரிக்கும் சூடு ஆகாது. அந்த விசிறியோ அறையில் இருக்கும் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. ஏ.சி. போட்ட அறையில் சோதித்துப் பார்த்த யந்திரம் அது. நம் ஊரில் கத்திரியில் மாடி அறையே 38 டிகிரி.

நான் செய்தது மிகச் சிறிய காரியம். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் போய், பவர் ஆப்ஷன்ஸ், அதில் பிளான் செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் திறந்தால், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட் என்று ஒரு வரி. அதன் கீழ் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் என்று இருக்கும். 100 சதவீதம் என்று காட்டும். அதை 99 ஆக்கினேன். ஒரே ஒரு சதவீதம். ஆனால் இன்டெல் ப்ராசஸர்களில் 100ஐ விட்டு இறங்கினாலே டர்போ நின்றுவிடும். 450 கோடிக்கு எகிறியது 260 கோடியோடு அடங்கிவிடும். சூட்டைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். முன்பு 90ஐத் தாண்டி நின்ற முள், 70க்குக் கீழே வந்து உட்கார்ந்தது. விசிறிச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் காதை அருகில் கொண்டுபோக வேண்டும். எழுதுவதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் விரல்களின் வேகம் எந்தப் பெட்டியிலும் எழுதியதில்லை, நல்ல வேளை.

எதிர்வீட்டுப் பையன் கதை இதைவிட முக்கியம்.

நாங்கள் இருப்பது பிள்ளையார்பாளையம். எதிர்வீட்டில் அப்பா தறி நெய்கிறார். பையன் சேலைக்கு டிசைன் போடுகிறான். பையன் என்கிறேன், முப்பது வயது. இவன் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில்தான் கற்றுக்கொண்டான். அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, நம் ஊர் அண்ணாவின் பிறந்தநாளில் தொடங்கியது என்பது பலருக்கு நினைவிருக்கும். அதில் பாட்டுக் கேட்டவர்கள் உண்டு, விற்றுத் தின்றவர்கள் உண்டு, இவனைப் போல் பிழைப்பு தேடிக்கொண்டவர்களும் உண்டு.

முன்பெல்லாம் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டு ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். இன்று அந்தக் கட்டங்களைத் திரையில் நிரப்புகிறார்கள். ஜக்கார்டு 1804இல் பிரான்ஸில் லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்காகச் செய்த துளை அட்டையைப் பார்த்துத்தான், இங்கிலாந்தில் பாபேஜ் தம் கணக்கு யந்திரத்துக்கும் துளை அட்டை வைக்கத் திட்டமிட்டார். தறியிலிருந்து கணினிக்குப் போனது இப்போது கணினியிலிருந்து தறிக்குத் திரும்பியிருக்கிறது. எதிர்வீட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு மரச்சுவர்தான்.

ஒருநாள் பையன் முகம் வாடி வந்தான். "சார், பாதி டிசைன்ல சிஸ்டம் நின்னுப்போச்சு. ரெண்டு நாள் வேலை போச்சு. கடைக்காரரு புதுசுதான் வாங்கணும்னு சொல்றாரு. எழுபதாயிரம் ஆகுமாம்."

எழுபதாயிரம் என்றால் அந்த வீட்டில் எத்தனை சேலைக்கான கூலி என்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம்தான் தங்கைக்குக் கல்யாணம் முடித்திருந்தார்கள்.

போய்ப் பார்த்தேன். நாலு வருஷத்துப் பெட்டி. நல்ல ப்ராசஸர், தனி கிராபிக்ஸ் கார்டு, எல்லாம் இருந்தது. அது இருந்த இடம்தான் சரியில்லை. தறிக்கு அடுத்த தடுப்பு, மேலே ஷீட் கூரை, கீழே மெத்தை. மெத்தை மேல் வைத்தால் காற்று உள்ளே போகும் வழியே அடைபடும். முதலில் திறந்து சுத்தம் செய்யச் சொன்னேன். தெரிந்த மெக்கானிக் திறந்து காட்டியபோது விசிறியைச் சுற்றிக் கம்பளம் மாதிரி படிந்திருந்தது, பட்டு நூல் பிசிறும் வீட்டுத் தூசியும் சேர்ந்து. நெசவு வீடுகளில் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆகவேண்டும். வேகத்தைக் குறைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அடைத்த புகைபோக்கிக்கு அடுப்பைச் சிறிதாக எரிப்பது மருந்தாகாது.

அதன் பிறகும் அவன் பெட்டி 95 டிகிரியைத் தொட்டது. சேலை நெய்து முடித்தால் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டச் சொல்லும்போதுதான் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து கொதிக்கின்றன. இரண்டும் ஒரே செம்புக் குழாய் வழியாகத்தான் சூட்டை வெளியே தள்ளுகின்றன. ஒன்று கொதித்தால் மற்றதும் கொதிக்கும். ஆகவே இரண்டையும் இறக்க வேண்டியிருந்தது. ப்ராசஸருக்கு மேலே சொன்ன 99. கிராபிக்ஸ் கார்டுக்கு எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கோர் கிளாக் என்ற கோட்டை இடது பக்கம் கொஞ்சம் இழுத்தோம், 200 மெகாஹெர்ட்ஸ் குறைவாக. சில லேப்டாப்களில் அதைப் பூட்டியே வைத்திருப்பார்கள். இவனுடையதில் பூட்டு இல்லை.

பையன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "ஸ்பீடைக் குறைச்சா வேலை லேட் ஆகும் சார். ஆர்டர் கொடுத்தவங்க நிக்க மாட்டாங்க" என்றான். நியாயமான கேள்வி. அளந்து பார்த்துவிடலாம் என்றேன். ஒரே டிசைனை மூன்று முறை அடுத்தடுத்து ஓட்டி, என் போனில் நேரம் பார்த்தோம். பழைய முழு வேகத்தில் முதல் முறை 6 நிமிஷம் 40 விநாடி. இரண்டாம் முறை 7 நிமிஷத்துக்கு மேல். மூன்றாம் முறை 8ஐத் தாண்டிவிட்டது. குறைத்த வேகத்தில் மூன்று முறையும் 7 நிமிஷம் 20 விநாடிக்கு முன்னே பின்னே.

அவனுக்கு ஆச்சரியம், எனக்கு இல்லை. இந்த ரகச் சில்லுகள் 100 டிகிரி வாக்கில் போனால், தங்களைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆறினதும் மறுபடி எகிறும், மறுபடி சுடும், மறுபடி இறங்கும். யந்திரம் எப்படியும் குறைக்கத்தான் போகிறது. அது குறைக்கும்போது நம் வேலை நடுவில் திக்குகிறது. தறியில் உட்கார்ந்திருந்த அவன் அப்பா, நாடாவைக் கையில் பிடித்தபடி, "பாவு அறுந்து முடிபோடுற நேரத்தையும் கணக்குல சேர்க்கணும்ல ஈ.பி. சார்" என்றார். எனக்குத் தோன்றாத வார்த்தை. எட்டு மாதமாகப் பெட்டி ஓடுகிறது. நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை. புதுசு வாங்கவில்லை.

என் மகனுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. போனில் சொன்னபோது, "அப்பா, காசு குடுத்து வாங்கின ஸ்பீடு. அதை எதுக்கு வேணாம்னு விடறீங்க?" என்றான். அவன் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. நாள் முழுக்க வீடியோ எடிட் செய்பவர்கள், பெரிய கணக்குகளை ஓட்டுபவர்கள், அவர்கள் அறையில் ஏ.சி. இருந்தால், முழு வேகத்தை வைத்துக்கொள்ளட்டும். என் கேள்வி வேறு. அந்த வேகத்தை நம்மிடம் யார் கேட்டுக் கொடுத்தார்கள்? பெட்டியைத் திறந்த நாளிலிருந்து அதுவாக உச்சத்தில் ஓடுகிறது. எழுபது வயதுக்காரன் பஞ்சாங்கம் பார்க்கிறானா, பேரன் சண்டை போடுகிறானா என்று அதற்குத் தெரியாது. விற்பவர்களுக்கு வேண்டியது பரிசோதனையில் வரும் பெரிய எண். சூடும் சத்தமும் ஆயுளும் வாங்கினவன் தலையில்.

வேகத்துக்குப் பின்னால் ஓடியதில் பெரிய ஆட்களே முட்டிக்கொண்டதுண்டு. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. அப்போதைய தலைவர் கிரெய்க் பாரெட், அமெரிக்காவில் ஆர்லாண்டோவில் நடந்த ஒரு மாநாட்டு மேடையில், வேடிக்கையாகத்தான், முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். 2006இல் அதே கம்பெனி கொண்டுவந்த கோர் 2 டுயோ, கிகாஹெர்ட்ஸ் எண்ணில் பென்டியம் 4ஐவிடக் குறைவு. வேலையில் அதைவிட வேகம். பெட்டி மேல் போடுகிற எண்ணை நம்பாதீர்கள் என்பதை அவர்களே நிரூபித்த மாதிரி ஆயிற்று.

"அப்படின்னா கம்பெனியே குறைச்சுக் குடுத்துடலாமே?" என்று பையன் கேட்டான். அங்கேதான் நான் முரண்டு பிடிப்பேன். பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரி பழசாகி, போன் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்கத்தான் செய்தோம் என்றது. காரணம் சரியானதாகவே இருக்கலாம். வைத்திருந்தவர்களிடம் சொல்லவில்லை. போன் மந்தமாகிவிட்டது என்று புதுசு வாங்கியவர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் அரசு 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது, அதே வருஷம் அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை கொடுத்துத் தீர்த்துக்கொள்ள ஆப்பிள் சம்மதித்தது. இதற்கிடையே, வேண்டும் வேண்டாம் என்று வைத்திருப்பவரே முடிவு செய்யும்படி போனிலேயே ஒரு வசதி வந்திருந்தது. முதலிலேயே அதைச் செய்திருந்தால் வழக்கே இல்லை. நானும் எதிர்வீட்டில் செய்தது வேகத்தைக் குறைப்பதுதான். ஆனால் பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அளந்து பார்த்தான், பிடிக்காவிட்டால் 100க்குத் திருப்ப அவனுக்கு ஒரு நிமிஷம் போதும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் ரெகுலேட்டர் இருப்பதுபோல், லேப்டாப்பிலும் கண்ணுக்கெதிரே ஒன்று இருக்கட்டும். சில கம்பெனிகள் 'சைலன்ட்', 'பேலன்ஸ்டு' என்று பொத்தான் வைக்கிறார்கள், பாராட்டுகிறேன். ஆனால் விண்டோஸில் டர்போவை நேரடியாக நிறுத்தும் வரியே சாதாரணமாகக் கண்ணில் படாமல் மறைத்துத்தான் வருகிறது. நான் சொன்ன 99 என்பது ஒருவகைக் கொல்லைப்புற வழி. வாசலிலேயே கதவு வைப்பதற்கு என்ன தயக்கம்?

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டொரு வார்த்தை. ஆசை மிகுந்து 99ஐ 40 ஆக்கினேன். அன்று மாலை வீடியோ அழைப்பில் பேத்தி பாட்டுப் பாடினாள், பல்லவி வாயிலும் குரல் எங்கேயோவுமாக வந்தது. திட்டு வாங்கிக்கொண்டு 80க்கு ஏற்றினேன். அது போதும். பயாஸ் என்ற உள்ளறைக்குள் போய் வோல்டேஜைக் கிண்டுவது நம் வயதுக்கு வேண்டாத வேலை. பேட்டரி உப்பி, அடிப்பக்கமோ டச்பேடோ மேலே தூக்கினால், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உடனே அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல், பேட்டரியை மாற்றக் கொடுத்துவிடுங்கள். அது தீப்பிடிக்கிற விஷயம்.

பேரன் அடுத்த வாரம் லீவுக்கு வருகிறான். போன தடவை அவன் விளையாடியபோது திரை ஓரத்தில் 140 என்று ஒரு எண் ஓடியது. நொடிக்கு அத்தனை படம் வரைகிறதாம். இந்த லேப்டாப் திரையால் நொடிக்கு 60 படம்தான் காட்ட முடியும். பாக்கி 80 படத்தையும் யாரும் பார்க்காமலே வரைந்து, அறையைச் சூடாக்கி, தூக்கிப் போடுகிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்ற இடத்தில் 60 போட்டுவைத்துவிட்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. மேலே ஆப்பிளைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு, வந்து இறங்கியதும் சொல்லிவிடுவதுதான் மரியாதை. மனைவி மட்டும், "சொல்லாதீங்க, அவனாக் கண்டுபிடிக்கிறானா பாக்கலாம்" என்கிறாள்.